திராவகம் கலக்கும் கை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கிறவர்கள் வீட்டில் உப்பு, புளி என்று சொல்வது போலவே 'ஆசிட்' என்ற வார்த்தையும் சர்வ சாதாரணமாகப் புழங்கும். "இன்னிக்கு ஆசிட் ஷிஃப்ட்", "ஆசிட் பட்ட சட்டையைத் தனியா நனை" என்று தினமும் நாலு தடவையாவது காதில் விழும். இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், குழாய்க்குப் பூச்சு போடும் கம்பெனிகள் என்று கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக இருக்கிற ஊர் இது.

"மகளிர் பத்திரிகையில் கோலம், கூட்டு, குழம்பு என்று எழுதாமல் இவள் எதற்கு ஆசிட்டைக் கொண்டு வந்து நிறுத்துகிறாள்?" என்று கேட்காதீர்கள். ஆசிட் இல்லாத வீடு இன்றைக்கு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! பாத்ரூம் மூலையில் ஒரு பாட்டில். கூடத்தில் இன்வெர்ட்டர் பாட்டரி. சமையலறையில் புளி, எலுமிச்சை, மோர், வினிகர், இவையும் அந்த ஜாதிதான், சாதுவானவை என்பதைத் தவிர. அப்புறம் 'நகை பாலிஷ்' என்று கூவிக்கொண்டு வருகிறானே, அவன் பையிலும் அதேதான்.

ஒரே ஆசிட்தான். ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, எந்த வரிசையில் ஊற்றினார்கள், எவ்வளவு சூடு, கூடத் துணைக்கு என்ன போட்டார்கள் என்பதைப் பொறுத்து, அது ஓர் உலோகத்தை நாள் முழுக்கச் சும்மா நக்கிக் கொண்டிருக்கவும் செய்யும். பத்து நிமிஷத்தில் தின்று தீர்க்கவும் செய்யும். இது தெரிந்திருந்தால் பாத்திரம் பிழைக்கும், குழாய் பிழைக்கும், சில சமயம் கண்ணும் பிழைக்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் இரும்புக் குழாய்களுக்கு நாகப் பூச்சு போடும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். அங்கே முதல் கட்ட வேலைக்கு 'பிக்ளிங்' என்று பெயர். நாங்கள் குடிவந்த புதிதில் அடுத்த வீட்டு அக்கா, "உங்க வீட்டுக்காரரு ஊறுகா கம்பெனியிலயா வேலை பாக்கிறாரு? ஒரு பாட்டில் மாங்கா ஊறுகா கொண்டாரச் சொல்லேன்" என்று கேட்டார்கள். இங்கிலீஷில் ஊறுகாய்க்கும் அந்த வேலைக்கும் ஒரே வார்த்தைதானாம். இரும்பைத் திராவகத்தில் ஊறப் போடுகிறார்கள், ஒற்றுமை அவ்வளவுதான்.

எதற்காக ஊறப் போட வேண்டும்? இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது மேலே காற்றுப் பட்டுக் கருநீலச் செதில் ஒன்று படிந்துவிடும். வெளியே கிடந்தால் துருவும் ஏறும். இந்தச் செதிலும் துருவும் போனால்தான் நாகம், அதாவது துத்தநாகம், இரும்போடு ஒட்டும். அதை எடுக்கத்தான் ஆசிட் தொட்டி.

டாங்கர் லாரியில் வருகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் 30 சதவீதத்துக்கு மேல் வீரியம் உள்ளது. அதை அப்படியே ஊற்ற மாட்டார்கள். தண்ணீர் சேர்த்து 10 முதல் 15 சதவீதம் என்ற அளவுக்கு இளக்குவார்கள். "இருக்கிற வீரியத்தோட போட்டா வேலை சீக்கிரம் முடியுமே?" என்று நான் கேட்டதற்கு, "சாதம் சீக்கிரம் வேகணும்னு அடுப்பை முழுசாத் தூக்கி வச்சா என்ன ஆகும்? அடி பிடிக்கும் இல்ல? அதே கதைதான்" என்றார். செதிலைத் தின்று முடித்த ஆசிட், பசி அடங்காமல் உள்ளே இருக்கும் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பித்துவிடுமாம். பளபளப்பாக வர வேண்டிய குழாய் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக வரும். புகையும் தாங்க முடியாது. அது மட்டுமில்லை, ஆசிட் இரும்பைத் தின்னும்போது வெளியே வரும் ஹைட்ரஜன் வாயு, சில கடினமான எஃகு வகைகளுக்குள் புகுந்து, எஃகை முறுக்கு மாதிரி படக்கென்று உடைகிற பண்டமாக்கிவிடும்.

இதற்காக ஆசிட்டில் ஒரு தடுப்பு மருந்தும் கலக்கிறார்கள். கொஞ்சூண்டுதான். அது சுத்தமான இரும்பின் மேல் போய்ப் படிந்துகொண்டு, "செதிலைத் தின்னு, என்னைத் தொடாதே" என்று காவல் காக்கும். எண்ணெய் தடவிய கையில் பலாப்பால் ஒட்டாத மாதிரி.

வெயிலும் கணக்கில் வரும். மார்கழிக் குளிரில் அரை மணி நேரம் ஊற வேண்டிய லோடு, சித்திரை மாதத்தில் அதற்கு முன்னாலேயே தயாராகிவிடும். பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும் என்பது ரசாயனத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எல்லாவற்றுக்கும் அச்சாக அப்படியே பொருந்தாது. ஆனாலும் கண்ணால் பார்க்கக் கூடிய வித்தியாசம். கந்தக அமிலத்தில் ஊறப் போடும் ஆலைகளில் தொட்டியையே சூடுபடுத்துவார்கள், ஏனென்றால் ஆறின கந்தக அமிலம் செதிலிடம் சோம்பல் காட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அடுப்பு வேண்டாம்.

நாள் ஆக ஆகத் தொட்டியில் கரைந்த இரும்பு சேர்ந்து, ஆசிட்டின் வீரியம் குறைந்து வேலை மந்தமாகும். புது ஆசிட் ஊற்றித் தேற்றுவார்கள். ஓர் அளவுக்கு மேல் அதுவும் பலிக்காது; மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். அந்தக் கழிவு அபாயகரமான கழிவு என்று சட்டமே சொல்கிறது. கண்ட கால்வாயில் திறந்துவிட்டால் கிணறும் வயலும் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். ஆசிட் தொட்டியிலிருந்து எடுத்து, தண்ணீரில் அலசிய பிறகு, உருகிய நாகத்தில் முக்குவதற்கு முன்னால் குழாயை இன்னொரு கரைசலில் முக்குகிறார்கள். அதில் இருப்பது என்ன தெரியுமா? நவச்சாரமும், நாகத்தின் உப்பும்! முன்பெல்லாம் தெருவில் 'ஈயம் பூசறதேய்' என்று கூவிக்கொண்டு வருவாரே, அவர் என்ன செய்தார்? பித்தளைப் பாத்திரத்தைத் துருத்தி அடுப்பில் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவுவார். குபீரென்று வெள்ளைப் புகை எழும்பும். ஈயத்துண்டைத் தேய்த்துப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுப்பார். உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். ஈயம் என்று நாம் சொன்னாலும் அது வெள்ளீயம். 450 டிகிரி உஷ்ணத்தில் நாகம் உருகிக் கிடக்கும் பெரிய தொட்டிக்கும், நம் தெருவோர ஈயக்காரரின் குழி அடுப்புக்கும் கைப்பக்குவம் ஒன்றுதான். அழுக்கை அகற்றி, காற்று மறுபடி தொடுவதற்குள் பூசிவிட வேண்டும்.

இனி, தண்ணீர் கலக்கிற சங்கதிக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஏன் என்று வாத்தியார் சொல்லியிருந்தாலும் பாதிப் பேருக்கு மறந்து போயிருக்கும். தாளிக்கிற எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்டால் என்ன ஆகிறது? சடசடவென்று தெறிக்கிறதல்லவா? கந்தக அமிலம் தண்ணீரோடு சேரும்போது பயங்கரமான சூடு கிளம்பும். அடர்ந்த கந்தக அமிலம் ஒரு லிட்டர் சுமார் 1.84 கிலோ கனம். தண்ணீரை அதன் மேல் ஊற்றினால் தண்ணீர் மேலேயே நின்று, அந்தச் சூட்டில் கொதித்து, ஆசிட்டையும் சேர்த்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும். மாறாக, நிறையத் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கனமான ஆசிட் கீழே இறங்கி, சூட்டை அத்தனை தண்ணீரும் பங்கு போட்டுக் கொள்ளும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சூடு இவ்வளவு இல்லை, புகை உண்டு. ஆனாலும் வரிசை அதேதான்.

"தண்ணீர் சேர்த்தா வீரியம் குறைஞ்சிடும், அப்புறம் என்ன பயம்?" என்று நினைக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அடர்ந்த கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்பு டாங்கரில்தான் கொண்டு போகிறார்கள்! அந்த அமிலம் இரும்பின் மேல் ஒரு தோல் மாதிரி படலம் உண்டாக்கி, அந்தப் படலமே இரும்பைக் காப்பாற்றுகிறது. அதே அமிலத்தில் தண்ணீர் கலந்துவிட்டால் போச்சு; நீர்த்த அமிலம் இரும்பை அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அடர்ந்த நைட்ரிக் அமிலத்திலும் இப்படித்தான். அலுமினியமும் இரும்பும் அதில் 'நானா நீயா' என்று அசையாமல் நிற்கும். நீர்த்துப் போனால் இரும்பு கரையத் தொடங்கும். ஆக, சாது எது, முரடு எது என்பதைத் தண்ணீரின் அளவை வைத்து மட்டும் நாமாகத் தீர்மானித்துவிடக் கூடாது.

எங்கள் பக்கம் இதனால்தான் நான் காலி கேன்களைப் பற்றி எல்லோரிடமும் சண்டை போடுகிறேன். கம்பெனிகளில் ஆசிட் வந்த நீல நிறப் பிளாஸ்டிக் கேன்கள் வெளியில் மலிவாகக் கிடைக்கின்றன. "நல்லா கழுவிட்டேன்கா" என்று சொல்லி லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். அடியில் கால் டம்ளர் ஆசிட் நின்றாலும், கழுவுகிறவள் தலைகீழாக முகத்துக்கு நேரே சாய்க்கும்போதுதான் வெளியே வரும். கழுவின தண்ணீரை நாகத் தகடு பக்கெட்டில் ஊற்றினால் நாகப் பூச்சு நுரைத்துக்கொண்டு கரையும். இருக்கிற உலோகங்களில் ஆசிட்டைக் கண்டால் உடனே பொங்குகிறவற்றில் நாகம் முன்னணியில் நிற்கும். கேன் எத்தனை மலிவானாலும் வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்கு அறவே வேண்டாம்.

நாகம் என்றதும் சொல்லிவிடுகிறேன். நாகப் பூச்சு பக்கெட்டில் மோரோ எலுமிச்சம் சாறோ கரைத்து வைக்கக் கூடாது. திருவிழாவில் நீர்மோர் பந்தல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். புளிப்பில் நாகம் கரைந்து, குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வரும். பித்தளையில் புளி வைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொன்னதும் இதேதான். அவர்கள் ரசாயனம் படிக்கவில்லை. ஈயம் பூசாத பாத்திரத்தில் ரசம் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பித்தளை விளக்குத் தேய்க்கப் புளியோடு உப்பும் சேர்க்கிறோமே, ஏன்? புளி மட்டும் போட்டாலும் களிம்பு போகும், மெதுவாகப் போகும். உப்பு சேர்ந்தால் சீக்கிரம் போகும். உப்பில் இருக்கும் குளோரைடுதான் அதற்குக் காரணம். கரைந்து வரும் செம்பைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அதுதான். ஆனால் தேய்த்த கையோடு நன்றாக அலம்பித் துடைத்துவிட வேண்டும். "ஊறட்டும்" என்று ராத்திரி முழுக்க விட்டால், பித்தளையில் உள்ள நாகம் முதலில் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை மறுநாளுக்கு வைக்காதீர்கள் என்பதற்கும் இந்தப் புளியும் உப்பும் சேர்ந்த கூட்டணிதான் காரணம். அலுமினியத்துக்கு மேலே தானாகவே ஒரு படலம் இருக்கிறது. உப்பு அதில் ஓட்டை போடும்.

பாத்ரூம் ஆசிட்டுக்கும் இதே நியாயம்தான். கக்கூஸ் கழுவும் பாட்டில்களில் பலவற்றின் லேபிளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 சதவீதம் என்று போட்டிருக்கும். கடையில் லூஸாக வாங்கும் ஆசிட் அதைப்போல மூன்று மடங்கு வீரியம் உள்ளதாகக்கூட இருக்கலாம்; லேபிளே இருக்காது. அதை ஊற்றினால் மஞ்சள் கறை போகும், வாஸ்தவம்தான். கூடவே டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் நுரைத்துக்கொண்டு போகும். குழாயின் குரோமியப் பளபளப்பு போகும். தண்ணீர் போகும் வழியில் வைத்த ஸ்டீல் சல்லடை கறுக்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம்; தண்ணீரும் காற்றும் தாங்கும், இந்த ஆசிட்டை அது தாங்காது. பாட்டிலைச் சரியாக மூடாமல் சிங்க்கின் கீழே வைத்தால், அந்தப் புகையிலேயே பக்கத்தில் இருக்கும் கத்தி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் துருவேறும். வெந்நீரோடு சேர்த்து ஊற்றவே கூடாது. சூட்டில் வேகமும் கூடும், புகையும் கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருக்காலும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். "இரண்டும் சேர்ந்தால் டபுள் சுத்தம்" என்று நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில், குனிந்து தேய்க்கிற பெண்ணின் மூச்சில் அது நேராகப் போகும். காலையில் ஒன்று போட்டுக் கழுவினால், நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இன்னொன்றை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் பாட்டரி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதில் இருப்பது தண்ணீர் கலந்த கந்தக அமிலம். ஈயத் தகடுகளோடு அது இன்ன அளவில்தான் உறவாட வேண்டும் என்று கணக்குப் பண்ணிக் கலந்தது. வெயில் காலத்தில் மட்டம் இறங்கினால், இறங்கியது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. அதனால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும்தான் ஊற்ற வேண்டும். "பேக்கப் வரமாட்டேங்குது, கொஞ்சம் ஆசிட் ஊத்தலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கலவை கெட்டுத் தகடு சீக்கிரம் அரிக்கும். குழாய்த் தண்ணீரும் கூடாது, நம் ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் அதற்கு ஆகாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பாட்டரி இருக்கும் மூலையில் சாமி விளக்கு வேண்டாம்.

இப்போது நகை விஷயம். இதை எழுதத்தான் எனக்கு முக்கியமாக ஆசை.

தங்கத்தை எந்த ஆசிட்டும் ஒன்றும் செய்யாது என்று சொல்லுவார்கள். பாதி நிஜம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தங்கத்தை மாதக் கணக்கில் போட்டு வைத்தாலும் குன்றிமணி அளவு குறையாது. நைட்ரிக் அமிலத்திலும் அப்படியே. உரைகல்லில் தேய்த்து அந்த அமிலத்தைத் தடவி மாற்றுப் பார்ப்பது அதனால்தான். ஆனால் நைட்ரிக் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு என்று கலந்துவிட்டால் தங்கம் கரைந்துவிடும்! ராஜ திராவகம் என்று அதற்குப் பெயர். தனித்தனியாக முடியாதது சேர்ந்தால் எப்படி முடிகிறது? இரண்டு பெண்கள் நெல் குத்துகிறதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி உலக்கை போட, மற்றவள் குத்தினதை அவ்வப்போது அள்ளிப் புடைத்துக்கொண்டே இருப்பாள். அள்ள ஆளில்லாவிட்டால் உரல் நிறைந்து வேலை நின்றுவிடும். நைட்ரிக் அமிலம் தங்கத்தின் மேற்புறத்தில் துளியூண்டு கிளப்பும். ஹைட்ரோகுளோரிக்கில் உள்ள குளோரைடு அதைக் கையோடு அள்ளிக்கொண்டு போகும். அள்ள அள்ள மேலும் கிளம்பும்.

இதை வைத்து ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 1940-இல் ஜெர்மன் நாஜிப் படை டென்மார்க்கில் புகுந்தபோது, கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் போரின் ஆராய்ச்சி நிலையத்தில் மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது பெரிய குற்றம். பதக்கத்தில் பெயர் வேறு பொறித்திருக்கும். அங்கே வேலை பார்த்த ஹெவெசி என்ற ரசாயன விஞ்ஞானி இரண்டையும் ராஜ திராவகத்தில் கரைத்து, அந்தத் திரவத்தை அலமாரியில் மற்ற பாட்டில்களோடு வைத்துவிட்டார். சோதனை போட வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, அதே திரவத்திலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, புதுப் பதக்கங்கள் வார்த்துக் கொடுத்தார்கள்.

அந்தத் தங்கம் உரியவர்களிடம் திரும்பிப் போயிற்று. நம் வாசலுக்கு வருகிறவனிடம் போன தங்கம் திரும்பாது. எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அம்மாள் முறுக்குச் செயினைக் கொடுத்தார்கள். முதலில் பித்தளை விளக்கை இனாமாகப் பளபளப்பாக்கிக் காட்டினான். பிறகு செயின். பத்து நிமிஷம் ஏதோ மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். "பாருங்கம்மா, கடையில இருந்து வாங்கின மாதிரி!" நிஜமாகவே அப்படித்தான் ஜொலித்ததாம். அடகு வைக்கப் போனபோதுதான் எடை காட்டிக் கொடுத்தது. தண்ணீரின் மஞ்சள் நிறத்தை மஞ்சள் தூள் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார்கள். தங்கம் கரைந்த ராஜ திராவகமும் மஞ்சளாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் அதில் இன்னொரு உப்பைச் சேர்த்தால் தங்கம் தூளாக அடியில் படிந்துவிடும், வேலை முடிந்தது.

இதில் வேகம் எதெதனால் கூடுகிறது என்று தெரிந்துகொண்டால் அவனுடைய ஜாலம் புரிந்துவிடும். ராஜ திராவகம் கலந்த புதிதில்தான் முழு வீரியத்தோடு இருக்கும். வைத்திருக்க வைத்திருக்க அதிலிருந்து வாயு வெளியேறி மந்தமாகும். இறுக்கி மூடி வைத்தால் பாட்டிலே வெடிக்கலாம். ஆகவே இரண்டு சின்ன பாட்டில்களிலிருந்து உங்கள் கண் முன்னால் ஊற்றிக் கலக்கிறான் என்றால் அப்போதே எழுந்து உள்ளே வந்துவிடுங்கள். "கொஞ்சம் வெந்நீர் குடுங்கம்மா", "ஸ்டவ்வில காட்டித் தாங்கம்மா" என்று கேட்பதும் சும்மா இல்லை. சூட்டில் கரைவது துரிதமாகும்.

இன்னொன்று நகையின் வடிவம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வேண்டுதலுக்காக வெல்லம் கரைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சு வெல்லத்தை முழுசாகப் போட்டால் வெகுநேரம் கிடக்கும். பொடித்துப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் காணாது. தண்ணீர் தொடுகிற இடம் அதிகம் என்பதுதான் காரணம். என் மகன் பள்ளிக்கூடத்தில் துத்தநாகத் துண்டையும் துத்தநாகத் தூளையும் ஆசிட்டில் போட்டுக் காட்டினார்கள் என்று வந்து சொன்னான். துண்டு நிதானமாகக் குமிழி விட்டதாம், தூள் பொங்கி வழிந்ததாம். தங்கத்திலும் அப்படித்தான். கெட்டி வளையலைவிட, நூல் நூலாகப் பின்னிய செயினில் ஆசிட் படுகிற இடம் பல மடங்கு. அவன் ஏன் "செயின் இருந்தா குடுங்கம்மா" என்று குறிப்பாகக் கேட்கிறான் என்று இப்போது புரிகிறதா? ஐந்து பவுன் என்பது 40 கிராம். அதில் அரை கிராம், ஒரு கிராம் போனால் கையில் எடுத்துப் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

நகைக்கு மெருகு போட வேண்டுமானால் கடைக்கோ, தெரிந்த ஆசாரியிடமோ போய், எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்குங்கள். ஆசாரிகளும் ஆசிட் உபயோகிப்பார்கள். ஆனால் அது நீர்த்த ஒற்றை அமிலம். நகையில் கலந்த செம்பு சூட்டில் கறுத்ததை மட்டும் எடுக்கும், தங்கத்தைத் தொடாது. வீட்டில் என்றால் பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊற வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து அலம்பினால் போதும். முத்து, பவளம் பதித்த நகைகளைப் புளி, எலுமிச்சை பக்கமே கொண்டு போகக் கூடாது. முத்தும் பவளமும் சுண்ணாம்பு ஜாதி. புளிப்புப் பட்டால் கரையும்.

ஆசிட் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், லக்ஷ்மி என்ற பெண் தொடர்ந்த வழக்கில், ஆசிட் விற்கிற கடைக்காரர் வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், விலாசம், எதற்காக என்று பதிவு செய்ய வேண்டும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கவே கூடாது என்று உத்தரவு போட்டது. பையனிடம் காசு கொடுத்து "ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிட்டு வாடா" என்று அனுப்புவது இன்னும் நடக்கிறது. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் நடக்கிறது. தாகத்தோடு ஓடி வருகிற குழந்தை பாட்டிலைத்தான் பார்க்கும்.

ஆசிட் மேலே பட்டுவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் சொல்லிக் கொடுத்ததையே சொல்கிறேன். பட்ட துணியை உடனே கழற்ற வேண்டும். குழாயடியில் நின்று, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவ வேண்டும். ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்தக் கூடாது. அந்தச் சமயத்தில் ஆசிட்டுக்கு மாற்று என்று சோடா உப்பு, சுண்ணாம்பு எதையும் தேய்க்காதீர்கள். அவை சேரும்போதும் சூடு கிளம்பும். மஞ்சள், இங்க், பற்பசை ஒன்றும் வேண்டாம். கண்ணில் பட்டால் இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக, மற்றக் கண்ணில் படாதபடி தண்ணீர் விட வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பாட்டிலை மூடி, லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன ஆசிட், எத்தனை சதவீதம் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.